முந்நூறு சிசி தேயிலை

1.

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. மலை ஊரான தானா ராத்தாவிலிருந்து கீழே ஈப்போ நகரத்துக்குப் போகும் பஸ். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் ஜன்னலைப் பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்: "டொக்டர், எனக்கு இது ஏன் வேணும்னா..." அதற்குமேல் போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மறுபடி தொடங்கி அதே இடத்தில் நின்றாள். அவள் கைப்பேசியில் மார்பகத்தைப் பெரிதாக்கும் கிளினிக் ஒன்றின் பக்கம் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஒரு பள்ளி ஆசிரியை. ஆசிரியர் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் போகிற இடம் தெரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்பதை இப்போதைக்கு விடுங்கள். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2.

முதல் தொடக்கம்: "தேயிலைச் சரிவுகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்—"

(அடித்துவிட்டேன். இந்த மலையில் பனி இறங்காத காலை எது?)

இரண்டாவது: "சசிரேகாவுக்குச் சிறுவயது முதலே ஒரு குறை—"

(அதுவும் போகட்டும். அது குறை என்று முடிவுகட்ட நான் யார்?)

மூன்றாவது நிற்கட்டும்: சசிரேகாவுக்கு முப்பத்தாறு வயது. ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுக்கிற வேலை. அவளுக்கு உஷாவைப் பார்த்தால் ஆகாது.

3.

உஷா அதே லயத்தில், தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையில், பக்கத்து வீடு. சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீர் ஊற்றும் தோட்டத்துக் கடையில் வேலை. சசிரேகாவுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

போன தீபாவளிக்கு உஷா பட்டுச்சேலையில் பலகாரத் தட்டோடு வந்துபோனாள். அவள் தலை மறைந்ததும் சசிரேகாவின் கணவன் முகுந்தன் முறுக்கைக் கடித்தபடி சொன்னான்:

"உஷாக்காவுக்குச் சேல நல்லா நிக்குதுலா."

சொல்லிவிட்டு லோரியைக் கழுவப் போனான். வாளி நிரம்புவதற்குள் மறந்தும் போனான். சசிரேகா மறக்கவில்லை. அன்றிலிருந்து உஷா சிரித்தால் எரிந்தது, குனிந்தால் எரிந்தது. இரு வீட்டுக்கும் பொதுவான கொடியில் உஷாவின் ரவிக்கை காய்ந்தால், அதன் பக்கத்தில் தன்னுடையதைப் போட மாட்டாள்.

(முகுந்தனைக் கொஞ்சம் கெட்டவனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவன் நல்லவன்தான். வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.)

4.

கிளினிக்கில் தொலைபேசியை எடுத்தவள் தமிழ்ப்பெண்.

"எவ்வளவு பெருசு வேணும்னு ஒரு ஐடியாவோட வாங்கக்கா. ஸ்டாக்கிங்ல அரிசி போட்டு உள்ள வச்சிப் பாருங்க. நெறைய பேரு முந்நூறு சிசில ஆரம்பிப்பாங்க. அப்புறம் இன்னொன்னு. இது ஏன் வேணும், யாருக்காக வேணும்னு டொக்டர் கேப்பாங்க. அதுக்குப் பதில் சரியில்லன்னா செய்ய மாட்டாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க."

அரிசியில் கைவைத்தால் மாமியார் மணியம்மா ஏன் என்று கேட்பார். தேயிலையைக் கேட்க ஆளில்லை. தோட்டம் கொடுத்த பொட்டலங்கள் அலமாரி நிறையக் கிடந்தன. சிசி என்பது மோட்டாருக்குச் சொல்வது என்றுதான் சசிரேகாவுக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் நிறுத்தே பழகிய கை அவளுடையது. தராசை எடுத்தாள். இந்தப் பக்கம் முந்நூறு கிராம், அந்தப் பக்கம் முந்நூறு கிராம். பழைய ஸ்டாக்கிங்கில் கட்டி உள்ளே வைத்தாள்.

(சிசி கொள்ளளவு, எடை அல்ல. தேயிலை லேசு. முந்நூறு கிராம் தூள், முந்நூறு சிசியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இடம் அடைக்கும். நான் அளந்து பார்த்தேன்.)

முகுந்தனின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். சட்டைப் பொத்தான் திணறியது. அளவு தப்பு என்று உடனே தெரிந்தது. ஆனாலும் அவிழ்க்கவில்லை. முதலில் வந்த நினைப்பு: உஷாவைவிடப் பெரிசு. வயிற்றுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பிறகு பக்கவாட்டில் திரும்பினாள். தோளை நிமிர்த்தினாள். முந்தானை இருப்பதுபோலக் கையை மடித்துப் பார்த்தாள். சிரித்தாள். அந்தக் கொஞ்ச நேரம் உஷா அவள் நினைவிலேயே இல்லை.

(இந்த இடத்தை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.)

5.

வெளியே தூறல் விழுந்தது. கொடியில் துணி. சசிரேகா அப்படியே ஓடினாள்.

அந்தப் பக்கம் உஷாவும் துணி எடுக்க வந்திருந்தாள். இருவரும் மழையில் கிளிப்புகளைப் பிடுங்கினார்கள். சட்டென்று உஷாவின் கை நின்றது. சசிரேகா குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டையில், நெஞ்சின் இரு பக்கமும், தேயிலைச் சாயம் கெட்டியாக இறங்கியிருந்தது.

உஷா சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் கதை எனக்கு எளிதாக முடிந்திருக்கும். அவள் தன் ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

"இத போட்டுக்க ரேகா. குளிரும்."

"வேணாங்கக்கா..."

"போடுலா. ஒன் அத்த பாத்துட்டா பதில் சொல்ல முடியாது."

வேறொன்றும் கேட்காமல் நனைந்தபடி உள்ளே போனாள். ஸ்வெட்டர் சசிரேகாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. நல்ல மனசையும் கடவுள் உஷாவுக்கேவா கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்குள் வந்து ஊறிய தேயிலையைக் கொட்டிவிட்டு, யாரும் பார்க்காதபோது ஸ்வெட்டரை மறுபடி போட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று தொங்கியது. கழற்றி எறிந்தாள். பிறகு எடுத்து மடித்தாள்.

6.

முடிவுகள்.

அ) உஷாவும் அதே கிளினிக்கில் செய்துகொண்டவள்தான் என்று தெரியவருகிறது. (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

ஆ) "எனக்கு ஒன்ன பாத்தாதான் பொறாம" என்று உஷா அழுகிறாள், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். (பொறாமைக்காரிக்கு இப்படி ஆறுதல் சொல்கிறவர்கள் பொறாமையே படாதவர்கள்.)

இ) சசிரேகா போகவில்லை. (போனாள். பஸ்ஸில் நான் பார்த்தேனே.)

7.

ஆக, அவள் டொக்டரின் முன் உட்கார்ந்திருக்கிறாள். டொக்டர் கேட்டுவிட்டார். ஏன், யாருக்காக?

"எனக்காக" என்றால் தீபாவளிக்குப் பிந்தைய நாட்களெல்லாம் பொய். "உஷாவுக்காக" என்றால் கண்ணாடி முன் சிரித்த அந்தக் கொஞ்ச நேரம் பொய், அதோடு திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். இரண்டும் உண்மை என்று சொல்ல அவளுக்குத் துணிச்சல் வேண்டும்.

அந்தப் பதிலை நான் எழுதித் தரலாம். ஆனால் என்னிடம் கேட்காதீர்கள். தேயிலையை அளந்து பார்த்தேன் என்றேன் அல்லவா? அளந்ததோடு நிற்கவில்லை. கதைக்காகத்தான் கட்டினேன். நாலாம் பகுதி முடிந்ததுமே அவிழ்த்திருக்கலாம். இந்த வரியை எழுதும்போதும் என் சட்டைக்குள் இருக்கிறது. சசிரேகா பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் இவ்வளவு வயதாகியும் கிளினிக் பக்கம் போகாமல் கூட்டத்துக்குத்தான் போகிறேன். அவள் வாக்கியத்தை நான் முடித்தால் அது என்னுடையதாகிவிடும்.

"டொக்டர், எனக்கு இது ஏன் வேணும்னா..."

நீங்கள் முடித்துக் கொடுங்கள். என் காதில் விழாதபடி அவளிடம் மட்டும் சொல்லுங்கள். அவளுக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் எனக்குத் தாங்காது.