நேராக ஓடிய வண்டி

ஆண்களுக்குப் பைத்தியம் பிடிக்க ஒரு பழைய ஃபோர்டு போதும். என் வீட்டுக்காரர் ஹாலிஸுக்கும் அவருடைய சிநேகிதர் டெல்மருக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு கார் ஒன்று கிடைத்தது. கூரையைக் கழற்றினார்கள், எஞ்சினை மாற்றினார்கள், தெருவே எழுந்து திட்டுகிற சத்தத்தோடு ஓட வைத்தார்கள். அதுவரை எனக்குப் புகார் இல்லை. சக்கரம் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

ஒரு மாதம் முழுக்க எங்கள் வாசலில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தது. மாட்டிவிட்டு இருவரும் எதிர்வீட்டுப் புல்தரையில் போய் நின்று, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி குறை கண்டுபிடிப்பார்கள். முன்னால் ஒல்லி டயர், பின்னால் உயரமான டயர், வண்டியின் மூக்கு தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். அரை அங்குலம் கூடினாலும் மறுபடி கழற்று.

"வெள்ளப் பட்ட போட்ட டயரு வேணாம்டா. ரெண்டாங் கல்யாணத்துக்குப் போற கெழவன் மாதிரி இருக்கு," என்றார் டெல்மர்.

"ஓட்டப்போறது கெழவன்தானே," என்றார் ஹாலிஸ்.

கடைசியில் சிவப்பு வர்ணம் அடித்த இரும்புச் சக்கரம், கறுப்பு டயர் என்று முடிவானது. டயர் பழைய காலத்து நைலான் டயராகத்தான் இருக்க வேண்டும். டெல்மர் தலைவராக இருக்கும் பழைய வண்டிக் கிளப்பின் சட்டம் அது. ஐம்பத்தைந்தாம் வருஷத்துக்குப் பிறகு வந்த எந்தச் சங்கதியும் வண்டியில் இருக்கக் கூடாது. வசந்த காலத்தில் பாலைவனத்துப் பழைய விமானத் திடலில் கூடுவார்கள். டெல்மர் நுழைவாயிலில் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து உள்ளே விடுவார். ரேடியல் என்கிற புதுக் காலத்து டயரோடு வந்தவன் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டியதுதான்.

எங்கள் ஊர் பேக்கர்ஸ்ஃபீல்டில் டயர் கடையில் பாதி ஆயுசைக் கழித்தவள் நான். எங்கள் பக்கத்து சிமெண்ட் நெடுஞ்சாலையில் மழைத் தண்ணீர் வடிவதற்காகக் கோடு கோடாக வெட்டியிருப்பார்கள். நைலான் டயர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு முரட்டு மாடு மாதிரி இழுக்கும்; ரேடியல் கோட்டைச் சட்டை செய்யாமல் நேராக ஓடும். நைலானை அடக்கிப் பிடிக்க நல்ல கை வேண்டும். ஹாலிஸுக்கு அந்தக் கைதான் போய்க்கொண்டிருந்தது. நடுக்க வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பேரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை.

முதல் தடவை நெடுஞ்சாலைக்குப் போய் வந்தவர் வெகுநேரம் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"பக்கத்து வண்டி மேல போயிடப் பாத்தேன், வெர்னா."

"டெல்மர்கிட்ட சொல்லுங்க. ஒரு தடவ ரேடியல் போட்டுக்க விடச் சொல்லுங்க."

"எனக்குன்னு தனிச் சட்டமா? பாவம்னு சொல்லி உள்ள விடுவான். வேணாம். கூட்டத்துக்கு நானே ஓட்டிட்டுப் போகணும். முடியலன்னா சாவிய வெச்சுடறேன். இந்த வண்டி மட்டும் இல்ல, எந்த வண்டியும் தொட மாட்டேன்."

வண்டி ஓட்டாத ஹாலிஸை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் விரும்பவில்லை.

பார்வைக்குப் பழைய நைலான் மாதிரியே இருக்கும் ரேடியல் டயர்கள் கிடைக்கின்றன. கை நடுக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் பந்து அமுக்கும் பயிற்சி கொடுத்தார்கள்; அவர் அதற்குப் போன நாளாகப் பார்த்து, அதே சிவப்புச் சக்கரங்களில் அவற்றை ஏற்றினேன். ரேடியல் என்று காட்டிக்கொடுக்கும் எழுத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். அவருடைய கண்ணும் முன்னைப்போல் இல்லை.

மறுநாள் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"பந்து அமுக்கச் சொன்னாங்கல்ல, அது வேல செய்யுது வெர்னா. போக வர ஒரு இழுப்பு இல்ல."

மகளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். டி.வி. பார்க்கும்போதும் பந்தை அமுக்கினார். சட்டைப் பொத்தானை நான் போட வந்தால் கையைத் தட்டிவிட்டார். பொத்தான் ஒன்று மாறித்தான் இருக்கும், ஆனாலும் தானே போட்டதாயிற்றே. அந்த மனுஷனிடம் போய் நான் என்ன சொல்வது? இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் செய்வேன்.

கூட்டத்துக்கு அவரே ஓட்டினார். நான் பக்கத்தில். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

நுழைவாயிலில் டெல்மர் வண்டியைச் சுற்றி வந்து, பின்சக்கரத்தருகே குந்தினார். ரேடியலை எவ்வளவு வேஷம் கட்டினாலும் தரையைத் தொடும் இடத்தில் தொந்தி விழும். நைலான் விறைப்பாக நிற்கும். டெல்மர் அந்தத் தொந்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவருக்குப் புரிந்தது. ஹாலிஸின் கை நடுங்குவதை அவர் பார்க்காதவரும் அல்ல. வாயை மூடிக்கொண்டு எழுந்திருந்தால் உலகம் கவிழ்ந்திருக்காது.

"இது ரேடியல்டா ஹாலிஸ்."

"போடா. நீதானே எடுத்துக் குடுத்த."

"நான் குடுத்தது இது இல்ல. எழுத்தத் தேச்சிருக்காங்க, வந்து பாரு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹாலிஸ் இறங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"எப்ப மாத்துன?"

"நீங்க பயிற்சிக்குப் போன அன்னிக்கி."

"முதல் தடவ ஓட்டினதுக்கு அப்புறமா?"

"ஆமா."

ஸ்டியரிங் மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் இருந்தது.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் வெர்னா," என்றார் டெல்மர். "இவனுக்கு விட்டா நாளைக்கி எல்லாரும் கேப்பாங்க."

"அந்தச் சட்டத்த வெச்சு டயருக்குக் காத்தடிச்சுக்க," என்றேன்.

"அவன எதுக்குத் திட்டற?" என்றார் ஹாலிஸ். பக்கத்தில் வந்து நின்ற டெல்மரின் தோளைத் தட்டினார். "நீயாவது சொன்னியேடா. தேங்க்ஸ்."

ஹாலிஸ் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றார். நான் நகர்ந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தேன்.

வீடு திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் கோடு வெட்டிய இடம் வந்தது. இந்த டயரும் இழுக்கத்தான் செய்கிறது என்று அவர் நம்பட்டுமே என்று, நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வண்டி இழுப்பதுபோலவும் நான் மல்லுக்கட்டுவதுபோலவும் தோளை அசைத்தேன். அவர் கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நடிக்காத வெர்னா. கைய எடு."

எடுத்தேன். வண்டி அதுபாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.