கர்னல் பட்டனோடு கதைத்தது

1

இந்தக் கதை என் ஆசையில் பிறந்தது அல்ல. தமிழ்ச் சங்க விழாவில் வினுஷா மேடையேறி எதையாவது படிக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். "வாசு அண்ணா எழுதித் தந்தால் பாப்பம்" என்று அவள் என் தலையில் கட்டிவிட்டாள்.

வினுஷா சிட்னியின் கிரவீன் பகுதியில் இருக்கிறாள், மருந்தாளர். பிறப்பிலேயே குள்ளமானவள். ஒன்பது வயதில் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அவளை ஸ்டூலில் ஏற்றி மைக் முன்னால் நிறுத்தினார்கள். மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் மேடை ஏறியதே இல்லை.

எனவே நூற்றைம்பது வருடங்களுக்கு முன் சிட்னியையும் மெல்பர்னையும் பாட்டால் கலக்கிய ஒரு நடிகரை எடுத்துக்கொண்டேன். பெயர் கர்னல் பட்டன். (தேடாதீர்கள், கிடைக்க மாட்டார். அந்தக் காலத்துக் குள்ள நடிகர்கள் பலரையும் நினைத்து நானே கட்டிய ஆள்.)

2

முதல் தொடக்கம்:

மூன்றடி இரண்டு அங்குல உயரமே இருந்த கர்னல் பட்டன்

அடுத்தது:

மேசை உயரம்கூட இல்லாத அந்த மாபெரும் கலைஞர்

இரண்டையும் வினுஷாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்னண்ணா, முதல் வரியிலயே ஆளை அளந்துபோட்டியள். உங்கட மற்றக் கதையளில கதாநாயகன் எத்தனை அடி எண்டு எழுதினனீங்களோ?"

இல்லை. பதினேழு கதை எழுதியிருக்கிறேன், ஒருத்தரையும் அளந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"அவரைப் பற்றிச் சொன்னது காணும், நிப்பாட்டுங்கோ. அவரோட கதையுங்கோ" என்றாள்.

3

இங்கேதான் சொதப்பினேன். நான் திருச்சிக்காரன், அவள் பேசுவது இலங்கைத் தமிழ். கெல்லிவில் வீட்டின் அரைகுறை சிக்னலில் என் காதில் விழுந்தது ‘அவரோட கதை’ மட்டும்தான். அவருடைய கதையைக் கேட்கிறாள் என்று நினைத்து, பிறப்பு முதல் இறப்பு வரை எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினேன். இரண்டு முடிவுகளும் வைத்தேன்.

(அ) தன்னை ஏலம் போடுவதுபோல் கூவும் மேனேஜரை கர்னல் அறைகிறார்.
(ஆ) ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டுக் கப்பலேறுகிறார்.

"ரெண்டிலயும் சண்டைதான் பிடிக்கிறார். மனுசன் நல்லாப் பாடினாரோ இல்லையோ?" என்றாள் வினுஷா. "அவரோட கதையுங்கோ எண்டு சொன்னனான். பேசச் சொன்னனான் அண்ணா, பேச."

4

பேசினேன். (எழுத்தாளன் இப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முணுமுணுத்தேன், அவ்வளவுதான்.)

"எது கஷ்டம், கர்னல்?"

"மூன்றாவது பாட்டு. மூச்சு போதாது."

"ஜனங்கள் சிரித்தது?"

"நான் நுழைந்ததும் சிரிப்பார்கள். பாட மாட்டேன், காத்திருப்பேன். சிட்னியில் சீக்கிரம் அடங்கும், மெல்பர்னில் கொஞ்சம் இழுக்கும். கடைசி ஆள் சிரித்து முடித்து, தான் மட்டும் சிரித்ததை உணரும் வரை நிற்பேன். அந்த அமைதி நான் உண்டாக்கியது. அதில் எடுக்கும் முதல் சுரம் கூரை வரை போகும்."

இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அறைவதும் கிழிப்பதும் என் கோபம். இந்த மனிதருக்குத் தன் தொழில் தெரிந்திருந்தது. எப்பேர்ப்பட்ட கலைஞன். இவரையா இரண்டு தடவை அளந்தேன்?

5

வினுஷா படித்தாள். உடனே போன் செய்தாள்.

"சனிக்கிழமை விழாவில நான் படிக்கிறன். ஸ்டூல் வேண்டாம், மைக்கை என்ர உயரத்துக்குப் பதிச்சு வைக்கச் சொல்லுங்கோ."

"முடிவு இன்னும் எழுதலையே."

"எழுதாதேங்கோ. கடைசி வரி நான் சொல்லுறன்."

"என்னன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"வந்து கேளுங்கோவன்."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெண்டில் ஹில் மண்டபத்துக்கு வாருங்கள். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், தாராளமாகச் சிரியுங்கள். அவள் காத்திருப்பாள்.