வெள்ளைத் துணியில் ஒரு மூலை

சோப்பு பட்டதும் மஞ்சள் சிவந்தது. ஷ்யாமளா குழாயை மூடிவிட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். மூலையில் பொட்டளவு இருந்தது இப்போது உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் நிறமாகப் படர்ந்திருந்தது.

புதுத் துணி என்றால் மூலையில் மஞ்சள் தொட்டுவைத்துத்தான் அவளுக்குப் பழக்கம். அமெரிக்காவின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்தபின் கடையில் வாங்கும் ஜீன்ஸுக்குக்கூட வைப்பாள். மகள் அனன்யா சிரிப்பாள், தடுத்ததில்லை. இன்று காலையும் கை தானாகப் போய்விட்டது. ஆனால் இது உடுத்தும் துணி அல்ல. பன்னிரண்டாம் வகுப்பில் ஜவுளி வடிவமைப்பு படிக்கும் அனன்யா, பள்ளி திறந்ததிலிருந்து சின்னத் தறியில் நெய்தது. பருத்தி, பட்டு, கம்பளி, எல்லாமே சாயம் காணாத வெள்ளை. நேராகப் பார்த்தால் வெறும் துணி. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மழை சாய்ந்து பெய்வதுபோல் கோடுகள் எழும்பி வரும். மன்ஹாட்டனில் இன்று கலைக் கல்லூரிக்காரர்கள் மாணவர்களின் வேலைகளைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். அவர்கள் நல்ல வார்த்தை சொன்னால் வடிவமைப்புப் படிப்பு, இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஷ்யாமளாவின் கணவன் பத்ரி சொல்லியிருந்தான். அப்பாவும் மகளும் அதற்காக மோதிய நாளெல்லாம் ஷ்யாமளா வாய் திறக்காமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

அனன்யா ஈரத் தலையோடு படியிறங்கி வந்து நின்றாள்.

"வாட் இஸ் தட், அம்மா?"

"சாமிகிட்ட வச்சுட்டு லேசா மஞ்சள் தொட்டேன்டி. அப்புறம்தான் ஐயோன்னு ஆச்சு. உடனே சோப்பு போட்டுத் தேச்சேன்."

அனன்யா கத்தவில்லை. துணியைத் தொடவும் இல்லை. "சோப் போட்டா ரெட் ஆகும். யூ டோல்ட் மீ தட். தேர்ட் கிரேடு, சயின்ஸ் ஃபேர்."

மஞ்சள் தடவிய காகிதமும் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும். மதுரையில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள், அன்று மகளுக்குப் பின்னால் எவ்வளவு பெருமையாக நின்றாள்! அந்தப் படிப்பெல்லாம் இன்று காலை எங்கே போனது? அவளாலேயே நம்ப முடியாததை மகளிடம் எப்படிச் சொல்லி நம்பவைப்பது?

"பதட்டத்துல மறந்துட்டேன் கண்ணு. சத்தியமா."

"யூ டிட்ன்ட் ஃபர்கெட்."

பத்ரி கராஜிலிருந்து சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். "மேடம் கிளம்பலாமா? நியூயார்க் பஸ் நமக்காக நிக்காது." துணியைப் பார்த்தான். "ஒரு கார்னர்தானே? இதுவும் டிசைன்னு சொல்லிடு. மாடர்ன் ஆர்ட்ல எதுவும் செல்லும்."

யாரும் சிரிக்கவில்லை. அனன்யா அம்மாவைப் பார்த்தபடியே பேசினாள். வீட்டில் அவள் முழுதாகத் தமிழில் பேசிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"கார எடுக்க வேண்டாம்ப்பா. நான் போகல. நீங்க சொன்ன படிப்புக்கே போடறேன்."

பத்ரி, முகத்தில் எட்டிப்பார்த்த நிம்மதியை மறைக்கத் தெரியாமல், கார் பக்கம் திரும்பிப் போனான். மாடியில் அனன்யாவின் அறைக் கதவு மெல்லத்தான் சாத்திக்கொண்டது.

ஷ்யாமளா எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு பின்வாங்கிப் பழைய மஞ்சளானது. மஞ்சள் போகவில்லை. வெயிலில் போட்டால் மஞ்சள் போய்விடும். அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். பின்பக்கக் கதவைத் திறந்து, வெளியே கிடந்த நாற்காலியின் முதுகில் துணியை விரித்தாள்.

நவம்பர் வானம் ஒரே சாம்பலாகக் கிடந்தது. எதற்கும் நிழல் விழவில்லை. குனிந்தும் சாய்ந்தும் பார்த்தாள். துணியில் மழை எழும்பவே இல்லை. அந்த ஒரு மூலை மட்டும் தெரிந்தது.