ஆறு மீட்டர்

கிளீட்டஸுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? பள்ளிக்கூடத்தில் செல்வதாஸ் ஸாரின் ஸ்டாப்வாட்சில் நூறு மீட்டரைப் பன்னிரண்டு புள்ளி ஆறில் ஓடுகிற மகள் ரெஜிஷாவை, விளையாட்டு விடுதித் தேர்வில் பதிமூன்று புள்ளி நான்கு என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடப்புறத்துப் பிள்ளைதானே, கேட்க நாதியில்லை என்ற இளக்காரம். அவனுக்கு அப்படித்தான் பட்டது.

"மனுசன் கை அமுக்குனாதான கள்ளத்தரம். வெளிச்சம் கள்ளம் காட்டாது. ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்து பாருங்க" என்று சிலுவை நிற்கும் குருசடி முக்கில் நின்று சவால் விட்டான்.

ஷார்ஜாவில் பதினோரு வருடம் வயரிங் பார்த்த கை. பழைய ரிமோட்டுகளிலிருந்து அகச்சிவப்பு பல்பு இரண்டு, அதைப் பார்க்கும் கண் இரண்டு, இரண்டு ஜோடிக் கம்பங்கள். வெயில் அந்தக் கண்களைக் குருடாக்கியதால் கறுப்புக் குழாய்த் துண்டுக்குள் சொருகினான். கம்பிகளை உடைந்த மவுஸின் பட்டன்களில் பற்றவைத்தான். தொடக்கத்தில் ஒளி மறைந்தால் லேப்டாப்புக்கு இடது க்ளிக், முடிவில் மறைந்தால் வலது க்ளிக். இடைப்பட்ட நேரம் திரையில் வந்துவிடும்.

சனிக்கிழமை மைதானத்தில் கம்பங்களை நூறு மீட்டருக்கு நட்டு மகளைத் தனியே ஓடவிட்டான். ஓடும்போதெல்லாம் அவள் உதடு அசையும். அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுகிறாள் என்று ஊர் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறான்.

பதிமூன்று புள்ளி நான்கு.

கம்பியை ஆட்டிப் பார்த்தான். மறுபடி ஓடச் சொன்னான். பதிமூன்று புள்ளி ஐந்து.

"ஸாரு கொஞ்சம் சீக்கிரமே அமுக்குவாருப்பா, பிள்ளியளுக்கு ஒரு தெம்பு வரட்டும்னு" என்றாள் ரெஜிஷா. "பரவாயில்ல. இனி இத வச்சி நான் நேரத்த கொறைச்சிக்கிடுவேன்."

"நீ சும்மா இரி."

மறுதேர்வு கேட்கும் மனுவோடு திங்கட்கிழமை வீடியோ கொடுக்க வேண்டும். ஊர் முன்னால் விட்ட சவாலை இனி எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? ஞாயிறு பூசை முடியுமுன்னே கிளம்பிப்போய், முடிவுக் கம்பங்களைப் பிடுங்கி, தொடக்கத்தின் பக்கமாக ஆறு மீட்டர் தள்ளி நட்டான். பழைய குழிகளில் மண்ணைத் தள்ளி மிதித்தான்.

ஆட்கள் கூடினார்கள். ரெஜிஷா ஓடினாள். பன்னிரண்டு புள்ளி ஆறு. கைதட்டல் அடங்கவில்லை. வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கிளீட்டஸ் கண்ணைத் துடைத்தான். நடிப்பில்லை, பாவி அந்த நொடியில் தானே நம்பிவிட்டான்.

ரெஜிஷா சிரிக்கவில்லை. கம்பத்தைத் தாண்டி நடந்து, புதுமண்ணைக் காலால் விலக்கினாள். குழி தெரிந்தது. அப்பா பக்கத்தில் வந்ததும் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நூறு மீட்டருக்கு எனக்கு அம்பத்தாறு தப்படிப்பா. எண்ணிக்கிட்டுதான் எப்பவும் ஓடுவேன். இன்னைக்கு அம்பத்திமூணுல முடிஞ்சி போச்சி."

"மக்கா..."

"தேர்வு நடத்த வந்தவரு கள்ளம் எழுதுனாருன்னு சொன்னிய. அவரு எழுதல்ல."

ஷூவைக் கழற்றி அந்தக் குழியருகே வைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாள். அவள் உதடு அசையவில்லை.