ரெண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரின் பின்கண்ணாடியில் "இயேசு உங்களை நேசிக்கிறார்" என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் அந்த நினைப்பு அவ்வளவாக இல்லை. அவரை எல்லோரும் பிரேக் அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். பழகுகிறவர் தடுமாறினால் வண்டியை நிறுத்த, அவர் காலடியில் ரெண்டாவதாக ஒரு பிரேக் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பொறுமையைப் பற்றி மனமுருகச் சாட்சி சொல்வார். திங்கட்கிழமை கார் கதவைச் சாத்தியதும் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்துவிடுவார்.

அன்றைக்கு அவரிடம் மாட்டியவர் தையல்காரம்மா. துணிக்கடையில் டெலிவரி வண்டி ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். மறுநாள் தேர்வில் லைசென்ஸ் கிடைத்தால் வேலை நிச்சயம். இடுப்பு ஒடிய மிஷின் மிதித்து இனியும் பிள்ளைகளைக் கரைசேர்க்க அவரால் ஆகாது.

ஆனால் பழக்கம் விடுமா? தையல் மிஷினை நிறுத்த அதன் சக்கரத்தைக் கையால் பிடித்துப் பழகியவர், காரை நிறுத்தவும் ஸ்டியரிங்கையே இறுக்கிப் பிடித்தார். வண்டி அதுபாட்டுக்குப் போனது. பிரேக் அண்ணன் தன் பிரேக்கை மிதித்தார், கூடவே தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். இதைக் கார் என்று நினைத்தீர்களா, தையல் மிஷின் என்று நினைத்தீர்களா என்று கேட்டார்.

தையல்காரம்மா மெதுவாக வாயைத் திறந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பின்னாடி இருக்கற ஸ்டிக்கரைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துடலாமே. நீங்க போடுற சத்தத்தைக் கேக்கறவங்க அதையும் படிக்கிறாங்க. பாவம், அவருக்கு எதுக்குக் கெட்ட பேரு?"

வந்ததே கோபம் அண்ணனுக்கு! சீட்டில் ஒரு காலை மடக்கிப் போட்டு, முழுசாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்கே வேதம் சொல்லித் தருகிறீர்களா, நாளைக்கு உங்களைத் தேர்வுக்கு அனுப்பினால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று பொரிந்து தள்ளினார். தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கியது, கை ஸ்டியரிங்கை இறுக்கியது. சரிவில் நின்ற வண்டி நிதானமாக நகர்ந்து, எதிரே இருந்த கேட்டைச் சாய்த்துவிட்டு நின்றது.

அது அண்ணன் போகும் சபையின் பாஸ்டர் வீட்டு கேட். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியும் கையுமாக ஓடிவந்தார். யாருக்காவது அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டார்.

அண்ணன் தையல்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். இவர் திட்டிக்கொண்டிருந்தார் என்று தையல்காரம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை சாட்சியெல்லாம் சந்தி சிரித்துவிடும். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"நான்தாங்க ஐயா ஓட்டினேன். தப்பு என்னுது. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

அண்ணன் தன் மடக்கிய காலைப் பார்த்தார். இப்போதுதான் இந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடுவதாகச் சொன்னோம், அவள் நம் மானத்தைக் காக்கிறாளே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல பாஸ்டர்," என்றார் தலையைக் குனிந்தபடி. "பிரேக்ல என் கால் இல்ல. இவங்களத் திட்டுற மும்முரத்துல மறந்துட்டேன்."

பாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல், கேட்டை ஒருபக்கம் தூக்கச் சொன்னார். மூன்று பேருமாக நிமிர்த்தி வைத்தார்கள்.

திரும்பும் வழியில் சிக்னலில் இன்ஜின் அணைந்துபோனது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அண்ணன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வண்டி உருளாமல் பிரேக்கை மெல்ல மிதித்து, பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்றார். தையல்காரம்மாவின் கை முதல்முறையாகத் தளர்ந்தது. அதன்பிறகு வண்டி ஒழுங்காக ஓடியது.

மறுநாள் அவர் தேர்வில் தேறிவிட்டு வந்தபோது, அண்ணன் காரின் பின்னால் குனிந்து ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது சரிதாம்மா. அன்பைக் கண்ணாடியில ஒட்டிட்டாப் போதாது. பக்கத்துல இருக்கறவங்க தடுமாறும்போது, சத்தம் போடாமத் தாங்கிப் பிடிக்கணும்."

தையல்காரம்மா உரிந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"இருக்கட்டும் அண்ணே. இனிமே உள்ள உக்காந்து பழகறவங்களும் இதை நம்புவாங்க."