ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்காய்

1

இந்தக் கதை எலியிலிருந்து வந்தது. தொண்ணூற்றொன்பதில் பல்வலியோடு டாக்டருக்குக் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன்: புற்றுநோய் மருந்தோடு வைட்டமினும் கொடுத்த ஆண் எலிகளுக்கு விந்தணு அவ்வளவாகக் கெடவில்லையாம். எலிக்கு இத்தனை உபசாரமா என்று சிரித்தேன். பல் இன்னும் வலித்தது.

2

சாய் ஜன்னல் வழியாக மழையைப்

(வேண்டாம். ஜன்னலில் ஆரம்பிக்கும் கதை எனக்கே அலுத்துவிட்டது.)

சாய்க்கு இருபத்தெட்டு வயது. வலியசாலை அக்ரகாரத்தில் என் பக்கத்து வீடு, வங்கி வேலை, கல்யாணமாகி ஆறே மாதம், நிணநீர்ச் சுரப்பியில் புற்று. பிழைத்துவிடுவான் என்றார் மலையாளி டாக்டர் அஜிதா. குழந்தைக்கு மட்டும் உறுதி சொல்லவில்லை. விந்தை முன்பே உறையவைத்துச் சேமிக்க வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

[சோகமாக எழுதவா? சாய்க்குப் பிடிக்கவில்லை. "திருப்பதி போகாமலே மொட்டை, மாமா" என்கிறான்.]

3

அவன் மனைவி ஆஷா அந்த எலிச் செய்தியைப் படித்துவிட்டாள். (பத்திரிகையை வேறு யார் கொடுப்பார்கள்?) தினமும் நெல்லிக்காய்ப் பச்சடி, கூடவே, டாக்டருக்குத் தெரியாமல் வைட்டமின் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டும் கிடையாது. எங்கள் தெருவில் ஞாயிறன்று நெல்லிக்காய் ஆகாது.* மாத்திரையும் அதே குடும்பம்தானே என்று அவள் நினைப்பு.

* ஏன் ஆகாது என்று என்னைக் கேட்காதீர்கள். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

டாக்டர் கண்டுபிடித்துவிட்டார்.

"எந்தா ஆஷா இது! மருந்து கேன்சர் செல்லை அடிக்குது. உன் வைட்டமினுக்கு நல்ல செல், கெட்ட செல்னு ஆள் தெரியுமா? கேன்சரையும் சேர்த்துக் காப்பாத்திட்டா?"

"எலிக்கு நன்னா ஆச்சே, டாக்டர்?"

"அது எலி. மனுஷனுக்கு இன்னும் உறுதியாத் தெரியாது. மாத்திரையை நிறுத்து. சாப்பாட்டுல கொஞ்சம் நெல்லிக்காய் பரவாயில்ல, கேட்டோ."

4

நான் கதாசிரியன் அல்லவா, கைகொடுக்கப் போனேன். மருந்து ஏற்றிய நாட்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமையாக மாற்றினேன். அன்று மாத்திரை உள்ளே போயிருக்காதே! அஜிதா விடவில்லை. "ஞாயிறு ஓபி இல்லா, சாரே. கதையில கூட எனக்கு லீவு கிடையாதா?"

சரி, வியாழக்கிழமை.

மருந்தும் மாத்திரையும் சேர்ந்தே உள்ளே போன அந்த வியாழக்கிழமைகளை நினைத்து நினைத்து ஆஷா சோறு இறங்காமல் கிடந்தாள். புருஷனை நானே கெடுத்துவிட்டேனோ என்று என்னிடம் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. ஸ்கேனில் புற்று இல்லை என்று எழுதிவிட்டேன். இதை மட்டும் யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

5

குழந்தை?

முடிவு அ: இரட்டைக் குழந்தைகள். (சினிமா.)

முடிவு ஆ: தத்து. (நல்ல முடிவுதான். "கொஞ்சம் பொறுங்கோ மாமா, விந்தணு திரும்பி வர நாளாகலாம்னு டாக்டரே சொன்னா" என்கிறான் சாய்.)

முடிவு இ: இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலை. ஆஷா என் வாசலில் நிற்கிறாள்.

"மாமா, நெல்லிக்காய் ஊறுகாய் இருக்கா? வாய் கேக்கறது."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஆச்சேம்மா!"

"தெரியும்" என்று சிரிக்கிறாள்.

(மாங்காய் என்று எழுதினால் நீங்களே முடித்துவிடுவீர்கள்.) பயம் விட்டுப்போன சிரிப்பாக இருக்கலாம். விசேஷமாகவும் இருக்கலாம். ஆம்பிளையான எனக்கு அதைக் கேட்கக் கூச்சம். நான் ஜாடியை எடுக்க உள்ளே போகிறேன். வருவதற்குள் நீங்கள் கேட்டு வையுங்கள்.