காப்பகம் என்னும் சொல்

லுக்குட் என்னும் ஊரை அடுத்த தோட்டத்தின்மீது முற்பகல் வெயில் பரவி, முன்பு ரப்பர்ப் பால்மரங்கள் நின்ற மேடுகளிலெல்லாம் இன்று எண்ணெய்ச் செம்பனைகள் கரும்பச்சைக் குடை விரித்து நிற்க, கோயில் மண்டபம் மாவிலைத் தோரணமும் மல்லிகை மணமுமாய் விழாக்கோலம் பூண்டிருந்தது. தன் இளமைப்பருவத்தை எழுதிய நூலுக்காக, நாடளாவிய சிறார் இலக்கிய விருதினை இத்தோட்டத்து மகள் லோகேஸ்வரி பெறும் நன்னாள் அது. அவளைப் பெற்ற தாய் பஞ்சாலை, பட்டுடுத்தி முன்வரிசையில் தலைநிமிர்ந்து அமர்ந்திருந்தாள்.

நடுவர் சின்னத்துரை பாராட்டுரையை முழங்கினார்: “பெற்றோரால் கைவிடப்பட்டு, காப்பகத்தில் வளர்ந்த தம் இளமைத் துயரை இவ்வம்மையார் நெஞ்சுருக வடித்துள்ளார்!”

லோகேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைதட்டல் ஒலிக்க ஒலிக்க, தாயின் முகம் வெளிறிப்போவதை அவள் மேடையிலிருந்தே கண்டாள்.

பால்வெட்டப் போகும் தாய்மார், வேலை முடியும்வரை பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகைக்குத் தோட்டத்தார் இட்ட பெயர் ஆயாக்கொட்டாய். அச்சொல்லைக் கொச்சையென்று முகஞ்சுளித்து, நூலெங்கும் ‘காப்பகம்’ என்று திருத்தியவள் லோகேஸ்வரியேதான். செந்தமிழ்ப் பித்து தலைக்கேறியிருந்த அவளுக்கு, இந்நாட்டில் ‘காப்பகம்’ எனும் சொல் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தையே குறிக்கும் என்பது நினைவில் எழவேயில்லை! அங்கே தாய்க்காக ஏங்கிக் காத்திருந்த பொழுதுகளே நூலின் கதையாகவும் இருந்தன.

பஞ்சாலை எழுந்து நின்றாள். “ஒன்ன எப்பம்மா நான் அனாதையா விட்டேன்? பால நிறுத்துப் போட்டுட்டு, கைகூடக் கழுவாம ஓடியாந்து தூக்குவேனே லா!”

லோகேஸ்வரி ஒலிவாங்கியைப் பற்றினாள். “அது காப்பகமன்று, ஆயாக்கொட்டாய். என் அம்மா என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. பிழை என்னுடையது.”

“கைவிடப்பட்ட குழந்தையின் துயரமென்று எண்ணித்தானே அம்மா, நாங்கள் இந்நூலைத் தேர்ந்தோம்?” என்றார் நடுவர், நாக்குழறி.

“அப்படியாயின் இவ்விருது எனக்குரியதன்று, ஐயா.” கேடயத்தை மேசைமேல் வைத்துவிட்டு, படியிறங்கி வந்து தாயின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

பஞ்சாலை கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆயினும் அவள் முகம் தெளியவுமில்லை. “இங்க சொல்லிட்ட, சரி. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் புக்கு போயிருச்சுன்னியே, அதப் படிக்கிற புள்ளைங்ககிட்ட யாரு லா சொல்லுவா?”

அழகு கருதி மகள் மாற்றிய ஒரு சொல், பெற்றவளைப் பழிசுமந்தவளாக்கி, அவர்கள் கைக்கெட்டாத ஊர்களிலெல்லாம் அந்நேரமும் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.